சோனாவுக்கு எத்தனை எஞ்சின்?

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, கொல்லயில் பக்கமாக ஒரு பஞ்சாயத்து. பெயரைச் சொன்னால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாராவது கேள்வி போடுவார்கள் என்பதால் பெயர் வேண்டாம். அந்தப் பஞ்சாயத்தின் வரலாற்றில் விமானம் ஓட்டத் தெரிந்த முதல் பிரஜை சோனா. கமர்ஷியல் பைலட் லைசன்ஸோடு ஊருக்கு வந்து, மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் தின்று, நிம்மதியாக ஒரு தூக்கம் போட்டு எழுந்தாள். எழுந்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது.

வெறும் லைசன்ஸை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. அதன்மேல் ரேட்டிங் என்று ஒரு கூடுதல் தகுதி எடுக்க வேண்டும். இரண்டு எஞ்சின் உள்ள விமானம் ஓட்ட ஒரு ரேட்டிங். மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட ஒரு ரேட்டிங். மற்றவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒரு ரேட்டிங். இதில் எதை முதலில் எடுப்பது என்பது சோனா ஒருத்தி மட்டும் யோசித்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பாவம், நெடுநாள் வெளியூரில் இருந்துவிட்டாள்.

அவள் மனதில் இருந்தது மூன்றாவது. பயிற்சி நாட்களில் லிஷா என்று ஒரு தோழி, தரையிறங்கும் நேரம் கை நடுங்கிப் பயிற்றுநரிடம் தினமும் திட்டு வாங்குவாள். சோனா அவளை விடுதியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கையில் விமானத்தின் பிடிக்குப் பதிலாக ஓர் அகப்பையைக் கொடுத்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். மறுவாரம் லிஷா பூப்போலத் தரையிறங்கினாள். தானே முதன்முதலில் தனியாகப் பறந்த அன்றுகூடச் சோனா அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு பயிற்சிக் கழகத்தில் பயிற்றுநர் வகுப்புக்கு ஓர் இடமும் கிடைத்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் அடுத்தவருக்கு. மறுபடி எப்போது வகுப்பு தொடங்கும் என்பது கழகத்துக்கே தெரியாது.

அம்மா ராஜபாய் இதைக் கேட்டு இடிந்துபோனார். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை.

"வாத்தியாரு வேலைக்காக்கும் நீ ஆகாசம் வரைக்கும் போனது? அது இங்க தனுவச்சபுரத்துலயே கிடைக்குமே மக்கா!"

"அம்மா, இது பிளேன்ல இருந்து சொல்லிக்குடுக்குறது."

"எங்க இருந்து சொல்லிக்குடுத்தாலும் வாத்தியாரு வாத்தியாருதான். நம்ம குடும்பத்துல கல்லெறிஞ்சா வாத்தியாருக்க மேலயாக்கும் விழும். ஒருத்தியாவது தப்பிச்சான்னு நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிட்டு இருந்தேன்."

அப்பா ரெத்தினதாஸ் மஸ்கட்டில் இருந்தார். மகள் தன் கட்சியை வாட்ஸ்அப்பில் எழுதியபோது ஒரு கட்டைவிரலை அனுப்பினார். மனைவி தன் கட்சியை எழுதியபோது இன்னொரு கட்டைவிரலை அனுப்பினார். குடும்பத்தில் சமாதானம் வேண்டும் என்று நினைக்கும் மனிதர்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது வீட்டு விவகாரம். ஆனால் நம் பக்கத்தில் பிளெக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பிள்ளை பரீட்சையில் ஜெயித்தால் ஜங்ஷனில் அவள் முகத்தைப் பெரிதாக அடித்து, கீழே வாழ்த்துகிறவர்களின் முகங்களை அதைவிடக் கொஞ்சம் பெரிதாக அடித்து வைப்பது வழக்கம். ரிசல்ட் வரும்வரை காத்திருந்தால் மற்றவன் முந்திவிடுவான். ஆகவே முதலில் பிளெக்ஸ், பிறகு அனுமோதனம் என்கிற பாராட்டுக் கூட்டம், அதற்கும் பிறகு அவகாசம் இருந்தால் ஜெயிப்பது என்று ஒரு நல்ல ஒழுங்கு தானாகவே ஏற்பட்டுவிட்டது. இதை யாரும் குறை சொன்னதில்லை.

வார்டு மெம்பர் ஓமனா முந்திக்கொண்டார். உதியன்குளங்கரை ஜங்ஷனில் காலையில் பார்த்தால் சோனா கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். 'இரட்டை எஞ்சின் விமானி சோனாவுக்கு வார்டின் அபிவாதனங்கள்' என்று வாழ்த்து மலையாளத்திலும் தமிழிலும் இருந்தது. சோனா மெம்பர் வீட்டுக்கு ஓடினாள்.

"சேச்சி, நான் ரெட்டை எஞ்சின் எடுக்கல்லியே! எனக்கு ஒண்ணுக்குத்தான் லைசன்ஸ்."

"ஒரு எஞ்சின் ஷாஜிக்க ஆட்டோவுக்கும் உண்டு மோளே," என்றார் ஓமனா பரிவோடு. "நம்ம வார்டுப் பிள்ளைக்கு ரெண்டாவது வேண்டாமா? நீ எடுத்துரு. பிளெக்ஸ் அடிச்சாச்சு."

மறுநாள் அதற்கு எதிரே தேவாலயச் சபைக் கமிட்டியின் பிளெக்ஸ் எழுந்தது. சபைச் செயலாளர் சுவாமிதாஸ், கருவி ரேட்டிங் பற்றிக் கம்ப்யூட்டர் சென்டரில் விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார். 'காணாமலே பறக்கும் நம் சபையின் மகள்' என்று போட்டு, பின்னணியில் ஒரு கருமேகமும், மேகத்தின் ஓரத்தில் தன் படமும் வைத்திருந்தார்.

"மாமா, அந்தப் படிப்பும் நான் படிக்கல்ல."

"கண்ணால காணாம நம்பிப் போறது நம்ம சபைக்குப் புதுசா? ஞாயிறு பாடசாலையில படிச்சது பின்ன என்னவாக்கும்?" என்றார் சுவாமிதாஸ். "அந்த மெம்பருக்க பேச்சைக் கேட்டு எஞ்சினை எண்ணிட்டு இருக்காதே."

ஜங்ஷனில் இரண்டு சோனாக்கள் எதிரெதிரே நின்று முறைத்துக்கொண்டதில் ஊரும் இரண்டாயிற்று. டீக்கடையில் எஞ்சின் கட்சியும் மேகக் கட்சியும் பெஞ்சு மாறி உட்கார்ந்தன. இரண்டு கட்சியிலும் விமானத்தில் கால் வைத்தவர்கள் கல்ஃபுக்குப் போய்வந்தவர்கள் மட்டும்தான். அவர்களுக்கும் ஜன்னல் சீட்டு கிடைத்ததில்லை. கடைசியில் சட்டம் ஒழுங்கைக் கருதி, பஞ்சாயத்துச் செயலாளர் 'ரேட்டிங் தேர்வு உபகுழு' என்று ஒன்றை அமைத்தார். உபகுழுவில் எல்லாரும் இருந்தார்கள். சோனா சிறப்பு அழைப்பாளர். பேச உரிமை இல்லை.

செயலாளர் கொல்லத்துக்காரர், ஒழுங்கான அதிகாரி. இரு தரப்பையும் கேட்டார். வெளியே என்ன நடக்கிறது என்று பாராமல், முன்னால் இருக்கும் முள்ளையும் எண்களையும் மட்டும் பார்த்து முடிவெடுப்பதற்கு ஒரு படிப்பு இருக்கிறது என்று சுவாமிதாஸ் விளக்கியபோது, தன் இலாகாவைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்துச் செயலாளர் மிகவும் நெகிழ்ந்துபோனார். இருந்தாலும் மெம்பரைப் பகைக்க முடியாது. ஆகவே, சோனாவுக்கு இரண்டு ரேட்டிங்கும் இருப்பதாகக் கொள்ளலாம் என்றும், வெள்ளிக்கிழமை பொது அனுமோதனம் நடத்தலாம் என்றும் தீர்ப்பளித்தார்.

சோனா பொறுக்க முடியாமல் எழுந்தாள். "சார், வெள்ளிக்கிழமை நான் திருவனந்தபுரத்துல போய் கிளாஸ்ல சேரணும்!"

"எதற்கு?"

"படிக்கதுக்கு."

"அனுமோதனம் நடந்த பிறகு படிக்க வேண்டிய தேவை எழவில்லையே," என்றார் செயலாளர். "எம்.எல்.ஏ.யின் தேதி அன்றுதான் கிடைத்திருக்கிறது. ஆகாயம் அங்கேயேதான் இருக்கும். எம்.எல்.ஏ. அப்படி இல்லை."

வெள்ளிக்கிழமை காலையில் சோனா யாரிடமும் சொல்லாமல் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு உதியன்குளங்கரையில் பஸ்ஸுக்கு நின்றாள். அதுதான் அவள் செய்த பிழை. ஊர்வலம் புறப்படும் இடமும் அதுதான்.

"பிள்ளை நேரத்துக்கு வந்துட்டா பாத்தீங்களா!" என்று ஓமனா கத்தினார். மாலை விழுந்தது. செண்டை மேளம் முழங்கியது. இரண்டு பேர் பையை வாங்கினார்கள், நான்கு பேர் அவளைத் தூக்கித் திறந்த ஜீப்பில் நிறுத்தினார்கள். பின்னால் திருவனந்தபுரம் பஸ் வந்து, ஊர்வலத்தைத் தாண்ட வழியில்லாமல் ஹாரன் அடித்தது. தன் அனுமோதனத்தால் தன் பஸ்ஸே நின்றுபோனதை ஜீப்பின் மேலிருந்து பார்த்தபோது சோனாவுக்கு அழுகை வந்தது. கூட்டம் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கைதட்டியது.

கைதட்டும் சத்தத்தில் அவள் பையைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கமாகக் குதித்து, நடந்துபோய் அந்தப் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். யாரும் கவனிக்கவில்லை. ஜீப்பில் கட்டியிருந்த படம் அவளைவிடப் பெரியது, அவளைவிட நன்றாகச் சிரித்தது. பஸ் செண்டையின் வேகத்தில் ஊர்ந்தது.

"என்னவாக்கும் முன்னால?" என்று கண்டக்டரிடம் ஒருவர் கேட்டார்.

"யாரோ பைலட்டாம். அவ போற போக்குல நாம இன்னைக்கு ஊர் சேர மாட்டோம்."

சோனா டிக்கெட் வாங்கிக்கொண்டாள். பஞ்சாயத்து மண்டபத்தில் எம்.எல்.ஏ. சோனாவின் படத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். நினைவுப்பரிசை ராஜபாய் வாங்கிக்கொண்டார்.

பயிற்சிக் கழகத்தின் மேலாளர் சோனாவை எழுந்து நின்று வரவேற்றார். அது நல்ல சகுனமாக இல்லை. அவர் கைப்பேசியில் ஊர்வலப் படங்கள் அதற்குள் வந்து சேர்ந்திருந்தன.

"அபிவாதனங்கள் மேடம். ஆனால் இந்த இடம் மேல்தகுதி ஒன்றும் இல்லாதவர்களுக்கு ஒதுக்கியது. உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு இருக்கிறதே."

"இல்ல சார். என் லைசன்ஸைப் பாருங்க. ஒண்ணும் ஏத்தியிருக்காது."

"லைசன்ஸில் இல்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடுமா? ஜங்ஷனில் இருக்கிறது. எம்.எல்.ஏ. பேசியிருக்கிறார்." மேலாளர் யோசித்தார். "ஒன்று செய்யலாம். உங்களுக்குத் தகுதி இல்லை என்று உங்கள் பஞ்சாயத்தில் ஒரு சான்று வாங்கி வாருங்கள். திங்கட்கிழமை சாயங்காலம்வரை இடத்தைப் பிடித்து வைக்கிறேன்."

திங்கள் காலை உபகுழு அவசரமாகக் கூடியது. ஊர்க்காரர்களும் திரண்டு வந்திருந்தார்கள். செயலாளரின் நெற்றி வியர்த்தது. தகுதி உண்டு என்று சான்று கொடுப்பது எளிது, யாருக்கும் கொடுக்கலாம். இல்லை என்பதை விசாரித்து அல்லவா கொடுக்க வேண்டும்? விஷயம் தெரிந்த நிபுணர் ஒருவர் வேண்டும் என்றார்.

விமானத்தைப் பற்றி விஷயம் தெரிந்தவர் அந்தப் பஞ்சாயத்தில் ஒருவர்தான். சோனாவை நிபுணராக நியமித்தார்கள். 'சோனாவுக்கு மேல்தகுதி எதுவும் இல்லை' என்று சோனா எழுதிக் கையெழுத்துப் போட்டாள். செயலாளர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

"ஏற்க முடியாது. கையெழுத்துப் போட்ட நிபுணருக்குத் தகுதி இல்லை என்று இதிலேயே எழுதியிருக்கிறது."

"தகுதி இருந்தா ஏத்துக்கிடுவீங்களா சார்?"

"நிச்சயமாக. ஆனால் அப்போது இது பொய்ச் சான்று."

கூட்டம் அந்த நியாயத்தின் ஆழத்தை வியந்து தலையாட்டியது. சோனா கடிகாரத்தைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் திருவனந்தபுரம் போக வேண்டும்.

"அப்ப இந்த அறையில தகுதி உள்ள ஆளு ஒருத்தரும் இல்லியா?" என்று ஓமனா சலிப்போடு கேட்டார்.

செயலாளர் சுற்றிலும் பார்த்தார். "இல்லை என்றுதான் தெரிகிறது. கோப்பை முடிக்க அப்படியே தீர்மானம் எழுதிவிடலாம்."

சோனா சட்டென்று நிமிர்ந்தாள். "சார், ஆஜரானவங்க பேரையும் சேத்து எழுதணும், இல்லியா? எனக்க பேரும் உண்டு. அதுதானே முறை?"

முறை என்ற சொல் செயலாளரின் காதில் தேனாகப் பாய்ந்தது. பெயர் எழுதப்போகிறார்கள் என்றதும் வராந்தாவில் நின்றவர்களும் உள்ளே நெருக்கிக்கொண்டு வந்தார்கள். மெம்பர் பெயருக்குக் கீழே தன் பெயரா என்று சுவாமிதாஸ் பிணங்கினார். அவரைச் சமாதானப்படுத்த, தகுதியில்லாதவர்களில் முதலாவதாக அவர் பெயர் போடப்பட்டது. இரண்டாவது இடத்தில் இருந்த ஓமனா, தன் பெயருக்கு முன்னால் 'பிரியப்பட்ட மெம்பர்' என்று சேர்க்கச் சொன்னார். செயலாளர் கடைசியில் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார்.

ராஜபாயும் வரிசையில் நின்று தன் பெயரைப் போட்டிருந்தார். முத்திரை விழுந்த தாளை வாங்கி ஒரு தடவை மேலிருந்து கீழாகப் படித்தார். எவ்வளவோ விடைத்தாள் திருத்திய கண். மகளைத் தனியே இழுத்தார்.

"வாத்தியாரு வேலைக்குத்தான் போவப்போற, இல்லியா?"

"ஆமாம்மா."

"அங்க சாக்பீஸ் பொடி உண்டா?"

"இல்லம்மா."

ராஜபாய் தாளை மடித்து மகளின் கையில் வைத்தார். "அப்ப போயிட்டு வா மக்கா. இவனுவளுக்கு விளங்குறதுக்கு முன்ன பஸ்ஸைப் பிடி."

அன்று சாயங்காலம் பயிற்சிக் கழகத்தின் மேலாளர் அந்தத் தீர்மானத்தை ஆர அமரப் படித்தார். 'விஷயம் தெரிந்து தீர்மானிக்கத் தகுதி உள்ளவர் கீழ்க்கண்டவர்களில் எவரும் இல்லை என்பதை இக்கூட்டம் ஒருமனதாகவும் கரகோஷத்தோடும் அங்கீகரிக்கிறது.' கீழே பெயர்கள், பதவிகள், கையெழுத்துகள், முத்திரை. ஓர் அரசு அலுவலகத்திலிருந்து இவ்வளவு தெளிவான உண்மை எழுத்தில் வந்து அவர் பார்த்ததில்லை.

"சேர்த்துக்கொள்கிறேன்," என்றார். பிறகு விதிப்படி பட்டியலின் அடியில் 'சரிபார்த்தேன், முழுமையாக உடன்படுகிறேன்' என்று எழுதி, மற்றவர்களின் வரிசையிலேயே தன் பெயரையும் பதவியையும் போட்டுக் கையெழுத்திட்டார்.