மரி ஆற்றைத் தாண்டாத முத்திரை

இந்த அவுஸ்திரேலியக் கண்டத்திலேயே என் இரத்த அழுத்தத்தை அதிகம் ஏற்றிய மனிதர் நாங்கள் ‘எல்லைக்கல்’ என்று பட்டம் வைத்த அங்கிள்தான். சிட்னியின் டூங்கபியில் எங்கள் தெருவின் ஜே.பி., அதாவது சமாதான நீதவான். சத்தியக் கடதாசிக்குச் சாட்சிக் கையெழுத்தும் முத்திரையும் வைப்பதும் பிரதிகளை உறுதிப்படுத்துவதும் வேலை. சம்பளம் கிடையாது. எடுப்பைப் பார்த்தால் உயர் நீதிமன்றமே அவருடைய கராஜுக்குள் நடக்கிறது என்று நினைப்பீர்கள்.

சொந்த மனைவியின் கடவுச்சீட்டுப் பிரதிக்கே கையெழுத்து வைக்கமாட்டார். "நீர் என்ரை சொந்தம். பிளாக்டவுன் ஜே.பி.யிட்டப் போம்" என்று பஸ் ஏற்றிவிட்டவர். கையெழுத்துக்குக் கைமாறாக எதுவும் வாங்கக்கூடாது என்பது விதி. அதற்காக யார் வீட்டிலும் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கமாட்டார். பிளாஸ்கில் தானே கொண்டுவருவார். பார்க்கப் பார்க்கப் பத்திக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெல்பேர்னின் மல்கிரேவில் கல்யாண ரிசெப்ஷன். அங்கிளையும் என் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். எல்லையான மரி ஆற்றைக் கடந்து அரை மணி நேரம் போயிருப்போம். விசா ஏஜென்ட் அழைத்தார். அம்மாவின் விசாவுக்கு நான் கொடுத்த சத்தியக் கடதாசியில் சாட்சிக் கையெழுத்து இல்லையாம். மாலைக்குள் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் போச்சு. அப்பா போனபிறகு அம்மா யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்தார். நல்லகாலம், மூலக் கடதாசி என் பையில் இருந்தது. முத்திரையும் இருந்தது, பக்கத்துச் சீட்டில் அங்கிளின் மடியில்.

"அங்கிள், கெதியா ஒரு கையெழுத்து."

"இது எந்த மாநிலம், தம்பி?"

"விக்டோரியா."

"நான் நியூ சவுத் வேல்ஸ் ஜே.பி. இங்க நான் வெறும் பயணி. காரைத் திருப்பும்."

"ஆர் அங்கிள் பாக்கப்போகினம்?"

"நான் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்!"

வாயில் வந்தபடி ஏசினேன். அந்தச் சின்ன ஊரில் சாட்சிக் கையெழுத்து வைக்கக்கூடிய பார்மசியும் பூட்டு. வேறு வழியில்லாமல் திருப்பினேன். பாலத்தில் ஏறியதும், "ஆறு முழுக்க எங்கட மாநிலம்தான். ஆனா பாலத்தில நிப்பாட்டாதையும், அது பிழை" என்றார். நியூ சவுத் வேல்ஸ் பக்கமான ஆல்பரிக் கரையில் ஒரு பிக்னிக் மேசையில் கடதாசியை விரித்து, ஆறுதலாகப் பக்கம் பக்கமாக வாசித்தார். பிறகு என் லைசென்ஸை வாங்கி, நான் நான்தானா என்று பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரனையா!

போனில் படமெடுத்து அனுப்பிவிட்டு மல்கிரேவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொம்பிளையும் மாப்பிளையும் போய்விட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஆறின புரியாணி.

அம்மா வந்துசேர்ந்தார். முதல் வேலையாக அங்கிளை அழைத்துத் தேத்தண்ணி நீட்டினார். "வேண்டாம் அக்கா, பதவியில இருக்கிறன்." அம்மாவுக்கு அது பெரிய மனக்குறை. எனக்கோ கொதி.

போன மாதம் அவருடைய பதவிக்காலம் முடிந்தது. மறுநாள் காலையே வந்து எங்கள் குசினிக் கதிரையில் இருந்தார்.

"அக்கா, இப்ப தேத்தண்ணி தரலாம்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேத்திலை வைத்தார். அந்த மனுஷன் குடித்துவிட்டுச் சீனி காணாது என்று குறை வேறு சொன்னார்.

இப்போது தெருவுக்குப் புது ஜே.பி. தங்கமான ஆள். வந்தவுடன் தேத்தண்ணி கேட்டுக் குடிக்கிறார், எங்கே நின்றாலும் கையெழுத்து வைக்கிறார். அந்தக் கையெழுத்தை நம்ப எனக்கு மனம் வரவில்லை. எல்லைக்கல் அங்கிள் என்னை நல்லாய்க் கெடுத்துவிட்டார்.