வண்டியைப் பார்க்க வந்தவர்

வீட்டுக்குள் குறை சொல்வதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. காபி தண்ணியாக இருக்கிறது, லோக்கல் ரயிலில் நிற்க இடமில்லை, மேல்மாடிக்காரர் செடிக்கு விடும் தண்ணீர் எங்கள் பால்கனியில் சொட்டுகிறது என்று காலையில் ஆரம்பித்தால் படுக்கும்வரை ஓயாது. ஆனால் வெளி மனிதர் ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், அத்தனை பேரும் இளித்துக்கொண்டு "ரொம்ப சௌக்கியம்" என்போம். இந்தப் பரம்பரை வியாதியால் நான் ஒரு கார் விஷயத்தில் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல.

அது வெள்ளி நிறத்தில் ஒரு சின்னக் கார். ஓட்டுவது என் மனைவி ஜெயா. செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாடுங்காவிலிருந்து சயான் வழியாக ஊர்ந்து போய் வருவதற்குள் க்ளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கிவிடும். சாயங்காலம் சோபாவில் காலை நீட்டி, ஐஸ் பையை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பாள். (திட்டியிருந்தால்கூடத் தேவலை.) பார்க்கப் பொறுக்காமல், இதை விற்றுவிட்டு க்ளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக் வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். முலுண்டில் இருக்கும் ஆபீஸ் நண்பன் ஒருவன் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னான்.

அந்த வாரமே, சயான் சிக்னலில் நின்றுகொண்டிருந்த வண்டியைப் பின்னாலிருந்து ஒரு டெம்போ முட்டியது. அன்று காரை ஓட்டியது நான். டெம்போவிலிருந்து இறங்கி வந்தவர் தாராவியில் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். சண்டைக்காக நான் சட்டைக் கையை மடிப்பதற்குள், "தப்பு எம் மேலதான் சார். இன்சூரன்ஸ் இருக்கு, கேட்டு வாங்கிக்கிடுங்க" என்று முடித்துவிட்டார். மடித்த கையை நானே இறக்கிவிட்டுக்கொண்டேன்.

ரிப்பேர் செலவை அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி முனகாமல் கொடுத்தது. முனகியது முலுண்ட் நண்பன். எவ்வளவு சரி செய்தாலும் அடிபட்ட வண்டி அடிபட்ட வண்டிதானே என்று, பேசிய விலையில் பெரிய துண்டை வெட்டிவிட்டான். அவன் சொன்ன விலைக்கு ஆட்டோமேட்டிக்கின் ஸ்டியரிங் வேண்டுமானால் வரும்.

நான் விடுவேனா? முட்டியதால்தானே விலை இறங்கியது. அப்படியானால் இறங்கிய விலையையும் முட்டியவருடைய கம்பெனியே தரவேண்டும். இப்படி நஷ்டஈடு கேட்கலாம் என்று எங்கோ படித்திருந்தேன். எழுதிப் போட்டேன். வண்டியை நேரில் பார்த்து முடிவு சொல்ல சர்வேயர் ஒருவரை சனிக்கிழமை அனுப்புவதாகப் பதில் வந்தது. ஜெயாவிடம் கலரை மட்டும் செலக்ட் பண்ணி வைக்கச் சொன்னேன்.

என் கையில் இரண்டு ஆயுதங்கள் இருந்தன. வெயிலில் பார்த்தால், புதிதாகப் பெயின்ட் அடித்த பின்பக்கம் வேறு நிறமாகத் தெரியும். டிக்கியோ ஓங்கி ஓங்கிச் சாத்தினால்தான் மூடும்.

ஆனால் நான் ஆபீஸில் ஊறிப்போன கட்டை. இன்ஸ்பெக்ஷன் என்று யாராவது சொன்னால் கை தானாகத் தூசி தட்டும். சனிக்கிழமை எழுந்ததும் வண்டியைக் கழுவினேன். பாலிஷ் போட்டேன். டிக்கிப் பூட்டு துருப்பிடித்து அசிங்கமாக இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட்டேன். பெரிய மனிதர் வெயிலில் நிற்கக்கூடாதே என்று வண்டியை மரத்தடி நிழலுக்கு நகர்த்தினேன். (ஜெயா பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். ஏதோ பிளான் வைத்திருப்பேன் என்று நினைத்து விட்டுவிட்டாளாம்.)

சர்வேயர் நிதானமான மராட்டிக்காரர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நிழலில் முன்னும் பின்னும் ஒரே நிறம். சரி, டிக்கி இருக்கிறது என்று, மெதுவாகச் சாத்தினால் மூடவே மூடாது பாருங்கள் என்று சொல்லி மெதுவாகச் சாத்தினேன். மூடிக்கொண்டது. திறந்து இன்னும் மெதுவாகச் சாத்தினேன். சமர்த்தாக மறுபடியும் மூடிக்கொண்டது. சர்வேயர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து அப்பா ஒரு தட்டில் வாழைக்காய் பஜ்ஜியும் காபியுமாக இறங்கி வந்தார். அப்பா என் மூன்று அக்காக்களையும் இதே வீட்டிலிருந்து கல்யாணம் செய்து கொடுத்தவர். பார்க்க வருகிறவர்களைக் கவனிப்பதில் அவருக்கு இருக்கும் அனுபவம் அந்தக் கட்டடத்திலேயே யாருக்கும் கிடையாது. வண்டியை ஒருவர் பார்க்க வருகிறார் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

பஜ்ஜியை நீட்டிவிட்டு அப்பா தன் மாடுங்கா ஹிந்தியில் ஆரம்பித்தார். இவள் இந்த வீட்டு லட்சுமி. கிங்ஸ் சர்க்கிளில் மழைத்தண்ணீர் தேங்கினபோது பெரிய பெரிய வண்டியெல்லாம் நின்றுபோக, இவள் மட்டும் வீடு வந்து சேர்ந்தாள். அடிபட்டதாமே என்று சர்வேயர் கேட்டதற்கு, அது அடியே இல்லை, லேசான உரசல், அதற்கப்புறம் முன்னைவிட நன்றாக ஓடுகிறாள் என்றார். நான் அவர் காலை மிதித்தேன். பலனில்லை. குறுக்கே புகுந்து, வண்டி கொஞ்சம் உதறுகிறது என்றேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சும்மா இருடா. வந்தவா முன்னாடி நம்மாத்துப் பொருளை யாராவது கொறச்சுப் பேசுவாளா?"

சர்வேயர் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடமே நேராகக் கேட்டார். வண்டிக்குச் சொந்தக்காரர் என்ற முறையில் சொல்லுங்கள், இதன் மதிப்பு குறைந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். ஜெயாவின் முழங்கால் பிழைத்துப்போகும். அப்பா பெருமையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால்கனிகளில் எங்கள் ஹவுசிங் சொசைட்டியே பாதி நின்றது.

"அப்படியொண்ணும் பெரிசா இல்ல சார்" என்றது ஒரு குரல். அது என்னுடையது.

மதிப்பு எதுவும் குறையவில்லை என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அப்பா மூன்று அக்காக்களுக்கும் போன் போட்டு அதைப் படித்துக் காட்டினார். நல்ல இடத்துச் சம்பந்தம் படிந்த மாதிரி அவ்வளவு சந்தோஷம்.

எனக்குத்தான் ஜெயாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. முழங்காலில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தவள், "அப்போ நான் கலரை செலக்ட் பண்ணட்டுமா?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐஸ் பை கீழே விழுந்து உருள, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை காலையில் சாவியை நான் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து இன்றுவரை அவளைச் செம்பூரில் இறக்கிவிட்டு, வண்டியை அங்கேயே நிறுத்தி, ஹார்பர் லைன் ரயில் பிடித்து ஆபீஸ் போகிறேன். சாயங்காலம் நான் திரும்புகிறவரை அவள் நோட்டுத் திருத்திக்கொண்டு காத்திருப்பாள். முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. இப்போது எனக்குத்தான் இடது கால் வலிக்கிறது. (வெளியில் சொன்னதில்லை.)

பள்ளியில் புதிதாகச் சேரும் டீச்சர் யாராவது, ஆட்டோமேட்டிக் வாங்கப் போவதாகச் சொன்னீர்களாமே, வாங்கியாச்சா என்று கேட்டால், ஜெயா ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் என்னைக் காட்டுவாள்.

"இதான். க்ளட்சே மிதிக்க வேண்டாம், நிறுத்துன்னா நிக்கும், திரும்புன்னா திரும்பும். வெளி மனுஷா முன்னாடி மட்டும் ஸ்டார்ட் ஆகாது."