பின்பக்கம் போன பலூன்

ஊரில் எல்லாரும் போய்ச் சேருவதற்காக வண்டி ஓட்டுவார்கள். நிறுத்திப் பார்ப்பதற்காகவே வண்டி ஓட்டும் ஆள் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். மலேசியாவில் புலாவ் செபாங் ஊரில் பள்ளி வேன் ஓட்டும் அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பிரேக் அக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மீ என்கிற நூடுல்ஸ் பிரட்டுகிறவன். அதிகம் பேச மாட்டேன். அக்காவுக்கு அது வசதி. "தம்பி, ஒரு முட்ட, கொஞ்சம் உப்பு" என்பார். நான் வாய் திறப்பதற்குள் முட்டை உப்புத் தண்ணீரில் மிதக்கும், சுற்றிலும் பிள்ளைகள் நிற்பார்கள். ஒருமுறை தண்ணீர்க் கிளாஸை அட்டையால் மூடித் தலைகீழாகப் பிடித்தார். "கீழ இருக்கிற காத்து அட்டையத் தாங்கிக்கும், பாருங்கலா" என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் அட்டை ஊறி விழுந்தது. தண்ணீர் முழுக்க என் மீ தட்டில்.

"இன்னிக்கு மீ சூப்புன்னு போட்டுரு தம்பி" என்றார்.

வேனிலும் இதே கதைதான். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் ஆளில்லாத இடத்தில் மெதுவாகப் போய், "பெல்ட் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு பிரேக் போடுவார். பிள்ளைகள் முன்னால் சாய்வார்கள். "வேன் நின்னுருச்சு. ஒங்க ஒடம்புக்கு இன்னும் போகணும்னு ஆச" என்பார்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள், ஒரு சிறுமி அங்கே வாங்கிய கேஸ் பலூனோடு வேனில் ஏறினாள். பிரேக் போட்டால் பலூனும் முன்னால்தான் போகும் என்று எல்லாப் பிள்ளைகளும் சொன்னார்கள். அக்காவும் அதையே சொன்னார். பிரேக் விழுந்தது. பிள்ளைகள் முன்னால் சாய, பலூன் மட்டும் யாரோ நூலைப் பிடித்து இழுத்த மாதிரி பின்னால் போனது.

மாலைக்குள் தோட்டம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: பிரேக் அக்கா வேனில் பேய், பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது. சிறுமியின் அம்மா மல்லிகா, திங்கட்கிழமையிலிருந்து வேறு வேன் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மற்ற தாய்மார்களும் அதே முடிவுக்கு வந்தார்கள்.

அக்கா என் கடை முன்னால் வந்து உட்கார்ந்தார். "பேய்னு சொன்னாக்கூட பரவால்ல தம்பி. ஏன் பின்னால போச்சுன்னு எனக்கே தெரியலையே" என்றார். வேன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "புள்ளைங்க இல்லாம வெறும் வேன எங்கலா ஓட்டுறது?" என்றார். கைப்பேசியில் தேடுவதும் யோசிப்பதுமாக இரண்டு நாள் திரிந்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் தாய்மார்களை அழைத்தார். "ஒரு ரவுண்டு வாங்க. அப்புறம் வேன மாத்திக்குங்க."

மல்லிகா டயருக்கு அடியில் வைத்து நசுக்க ஓர் எலுமிச்சம்பழத்தோடு வந்தார்.

"அத நசுக்காதீங்க, இங்க குடுங்க" என்று வாங்கி, நூலில் கட்டி வேன் கூரையில் தொங்கவிட்டார் அக்கா. புதிதாக வாங்கி வந்த கேஸ் பலூனை அதற்குப் பக்கத்து சீட்டில் கட்டினார். பின் சீட்டில் உட்கார யாருக்கும் தைரியமில்லை. வேடிக்கை பார்க்க நின்ற என்னைக் காட்டி, "தம்பி ஒக்காரட்டும். பேய் வந்தாலும் அதுகிட்ட பேச மாட்டாரு" என்றார்.

ஜன்னல்களை மூடினார். தோட்டச் சாலையில் பிரேக் போட்டார். எலுமிச்சம்பழம் முன்னால் ஆடியது. பலூன் என்னைப் பார்த்துச் சாய்ந்தது.

"வேன் நின்னா எலுமிச்சம்பழம் முன்னுக்கு ஓடுது. வேனுக்குள்ள இருக்கிற காத்தும் முன்னுக்குத்தான் ஓடும். கேஸ் பலூன் காத்தவிட லேசு. முன்னுக்கு ஓடுற காத்து அங்க நெருக்கியடிச்சு, லேசான பலூனப் பின்னுக்குத் தள்ளிருது."

மல்லிகா பழத்தையும் பலூனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி போடுங்கக்கா."

போட்டார். பிறகு மற்ற தாய்மார்களும் ஆளுக்கொரு வாட்டி கேட்டார்கள்.

இறங்கும்போது மல்லிகா திரும்பி, "திங்கக்கெழம எப்பவும்போல வாங்க. பாப்பா ரெடியா நிப்பா" என்றார்.

அக்கா முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு முறை கண்ணைச் சிமிட்டினார். கொளுத்துகிற வெயிலில் வைப்பரைப் போட்டார். "கண்ணாடி ஒரே மங்கலா இருக்குலா" என்றார்.

கண்ணாடி பளிச்சென்று இருந்தது. "ஆமாக்கா, மங்கலாத்தான் இருக்கு" என்றேன் நான்.