பொரித்த கருவாடும் பிழைத்த மான்களும்

சுவிஸின் இன்டர்லாக்கன் மலைகளில் உள்ள மான்களெல்லாம் ஒன்றுகூடி யாருக்காவது சிலை வைப்பதென்றால், அது எங்கள் மானண்ணைக்குத்தான். அவரளவுக்கு மான் வேட்டைக்குத் திட்டம் போட்டவரும் இல்லை, அவரளவுக்கு வெறுங்கையோடு திரும்பியவரும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இருவரும் ஒரு ஹோட்டல் அடுப்படியில் கோப்பை கழுவினோம். இருப்பதும் ஒரே அறையில். அண்ணையின் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர், மனைவியை இழந்த சுவிஸ் கிழவர், செப்டம்பரில் வேட்டைக்குப் போவார். அண்ணை அவருடைய பையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் சுமப்பார். வேட்டையில் அவருடைய பதவி அவ்வளவுதான். கதையைக் கேட்டால் மானைச் சுடுகிற துவக்கே அவருடையது என்று நினைப்பீர்கள்.

சீசன் மூன்று கிழமை, இருபத்தொரு நாள். அது முடிந்த மறுநாளே அடுத்த வருடத்துத் திட்டம் தொடங்கிவிடும். அடுப்படி மேசையில் உருளைக்கிழங்குத் தோலைக் குவித்தால் மலை, கரட் துண்டு மான், முட்டைக்கோது கிழவர்.

"காட்டுக்கரையாலை ஏறினது பிழையடா. வாற வருஷம் ஓடைப் பக்கத்தாலை சுத்தி வளைப்பம்."

"அண்ணை, செஃப் வாறார்!"

"வரட்டும். அந்தாள் மானில்லைத்தானே?"

மலை அடுத்த நிமிடமே குப்பைத் தொட்டிக்குள் போனது.

ஞாயிறு பின்னேரங்களில் கிழவரின் மேசையில் வரைபடம் விரியும். அண்ணை பேசும் ஜெர்மன் மொழி கிழவருக்குப் பாதிதான் விளங்கும். கிழவரின் பேச்சு அண்ணைக்குக் கால்வாசி. இருந்தும் மூன்று மணித்தியாலம் கதைப்பார்கள். மற்ற ஆறு நாளும் அண்ணை வேலை முடிந்து வந்து சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். கடிதம் வந்ததா என்று கேட்பதை நான் நிறுத்தியிருந்தேன். பாவம் மனுசன்.

நாலாவது சீசனில் என்னையும் கூட்டிப்போனார்கள். இரண்டு மணித்தியாலம் ஒரு பாறைக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் குந்தியிருந்தோம். வந்ததையா மான்! கொம்பென்றால் அப்படியொரு கொம்பு. கிழவர் துவக்கை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து அண்ணை மெதுவாகச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். பொரித்த கருவாடு! காற்றோ மானின் பக்கம். மான் தலையைத் தூக்கியதுதான் தெரியும், பிறகு ஆளைக் காணவில்லை.

கிழவர் காற்றைத் திட்டித் தீர்த்தார். பிறகு ஒரு துண்டுக் கருவாட்டை எடுத்துக் கடித்தார்.

இறங்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கென்ன விசரோ அண்ணை? வேணுமெண்டுதானே திறந்தனீங்கள்? நாலு வருஷமும் இதுதானோ?"

அண்ணை முன்னால் நடந்த கிழவரைப் பார்த்தார்.

"ஓமடா. மான் விழுந்தால் அந்தாளின்ரை ஆசை தீர்ந்துபோம். பிறகு ஞாயிற்றுக்கிழமை என்னை ஆர் கூப்பிடப்போகினம்?"

அதற்குள் கிழவர் நின்று திரும்பினார். அடுத்த வருடம் ஓடைப் பக்கத்தால் போய்ப் பார்ப்போமா என்று கேட்டார். அண்ணையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், தேர்த்திருவிழா கண்ட பிள்ளையின் முகம்.

அடுத்த செப்டம்பரில் கருவாட்டை நானே பொரித்துக் கட்டிக் கொடுத்தேன், இரண்டு துண்டு கூடுதலாக.