கிளட்சுக்கு விளக்கெண்ணெய் கொடுத்த கம்பவுண்டர்

மோட்டார் காருக்கு வயிறு சரியில்லை என்று கண்டுபிடித்து மருந்து கலக்கிக் கொடுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். ஐம்பதுகளில் அவர் செங்கல்பட்டில், கிளார்க் வேலைக்கு வந்து நான் குடியிருந்த மாடி அறைக்குக் கீழே ஒரு டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்தார். அவருக்கும் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். அவருடைய மனைவியே, "கம்பவுண்டர் சாப்பிட வர்றாரா இல்லியா, கேட்டுகினு வா" என்றுதான் ஆள் அனுப்புவார். அதனால் ஊரில் வேறு யாரும் அந்தப் பெயரைத் தேடவில்லை.

மாமல்லபுரத்தில் தங்கிச் சிற்பங்களைப் படம் வரைந்துகொண்டிருந்த ஒரு துரை சீமைக்குக் கப்பலேறியபோது, அவருடைய பழைய கார் எப்படியோ கம்பவுண்டரிடம் வந்து சேர்ந்தது. பாசிப்பயறு நிறம். ஹாரனை அமுக்கினால் ஆட்டுக்குட்டி கத்தும். நம் ஊர் மெக்கானிக்குகள் பார்த்ததெல்லாம் கம்பியில் இழுக்கும் கிளட்ச். இந்தக் காரில் கம்பியே கிடையாது. பெடலை மிதித்தால், ஒரு குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் நகர்ந்து அந்தப் பக்கம் கிளட்சைத் தள்ளும். அந்த எண்ணெய்க்கு இன்ஜின் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா.

ஒருநாள் பெடல் பஞ்சுத் தலையணை மாதிரி அமுங்கியது. திறந்து பார்த்தால் டப்பாவில் பாதி காலி. மீதிப் பாதியில் கறுப்பாக ஏதோ ஒன்று.

பக்கத்துக் கட்டடத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த காதர் பாய்க்குத்தான் அதிகக் கவலை. அவர் தம்பி யூசுப்புக்கு ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினத்தில் நிக்காஹ். மாப்பிள்ளை கம்பவுண்டரின் காரில் வருகிறார் என்று பெண் வீட்டுக்குச் சொல்லியாயிற்று. அதுவரை பெண் வீட்டுத் தெருவுக்கு எல்லா மாப்பிள்ளையும் மாட்டு வண்டியில்தான் வந்திருக்கிறார்கள்.

"ஏதோ ஒரு எண்ணெய ஊத்தி ரொப்பு, கம்பவுண்டரே. ஏன் பேஜார் பண்றே?" என்றார் பாய்.

கம்பவுண்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உள்ள இன்னா கீதுன்னு தெரியாம மேல ஊத்தறது வைத்தியமா, கொலையா? குழாய்க்குள்ள ரப்பர் வாஷர் கீது பாய். தப்பான எண்ணெய் பட்டா அது செத்துப் பூடும்."

முதலில் நோயாளியின் பூர்வ சரித்திரம். மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறிப் போய், துரையின் பட்லரைப் பிடித்து விசாரித்தார். பட்லர் சொன்னானாம்: "தொரை டப்பால எதையோ ஊத்துவாரு. இன்னா ஊத்தறேன்னு நான் கேட்டதில்ல. அவரு இன்னா குடிக்கிறாருன்னே நான் கேட்டதில்ல."

அடுத்து, டிஸ்பென்சரிக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்த டப்பா எண்ணெயை அடைத்த ஒரு சீசாவை நீட்டினார். "மோந்து பார்த்துச் சொல்லு." இருமலுக்கு வந்தவர் கடலை எண்ணெய் என்றார். முதுகுவலிக்கு வந்த அம்மாள், இதைத் தேய்த்தால் வலி போகுமா என்று கேட்டாள். சளிக்கு வந்தவர் ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்தார்.

கடைசியில் கம்பவுண்டர் தன் சொந்த சாஸ்திரத்தில் இறங்கினார். கண்ணாடிக் குவளையில் ஸ்பிரிட்டை ஊற்றி, அந்த எண்ணெயை அதில் விட்டார். பாதி கரைந்தது. பாதி கரையாமல் அடியில் போய்க் கறுப்பாக உட்கார்ந்துகொண்டது.

"கரைஞ்சது வௌக்கெண்ணெய், ஸ்பிரிட்டுல கரையற எண்ணெய் அது ஒண்ணுதான்! கரையாதது இன்ஜின் ஆயில்! நல்ல எண்ணெய்க்கு மேல எவனோ இன்ஜின் ஆயிலக் கொட்டிட்டான்!" என்று கூவினார். நான் மாடியிலிருந்து பயந்து ஓடி வந்தேன்.

அதோடு விட்டாரா? பால் புட்டிக்கு மாட்டும் ரப்பர் காம்பு இரண்டை எடுத்து, ஒன்றைக் காரின் எண்ணெயிலும், இன்னொன்றைச் சுத்தமான விளக்கெண்ணெயிலும் ஊறப்போட்டார். மறுநாள் விளக்கெண்ணெய்க் காம்பு போட்டபடி இருந்தது. கார் எண்ணெயில் ஊறியதோ பஜ்ஜி மிளகாய் போல உப்பிக் கிடந்தது. அதைத் தட்டில் வைத்துத் தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தார். மோட்டார் சாமான் கடையெல்லாம் சென்னையில் இருக்கிறது, அங்கே போய் எண்ணெயும் வாஷரும் வாங்கி வரலாமே என்றேன்.

"வாஷர் சீமையிலேர்ந்து வரணும், கிளார்க்கு. எண்ணெய நானே கலக்கிடுவேன். உப்பின ரப்பர் நல்ல எண்ணெயில குளிச்சா தன்னால வத்திப் பூடும்" என்றார். எண்ணெய் இன்னதென்று கண்டுபிடித்தது வரைக்கும் அவர் சொன்னதெல்லாம் சரி. கெட்டது இந்த ஒரு வாக்கியத்தில்தான்.

பழையதை வடித்து, குழாயை ஸ்பிரிட்டால் கழுவி, கெட்டியான விளக்கெண்ணெய் குழாயில் ஓடுவதற்காக அதில் ஸ்பிரிட்டைச் சரிபாதியாகக் கலந்து ஊற்றினார். மிச்சத்தை அடைத்த சீசாவில், பழக்க தோஷத்தில், "குலுக்கிய பின் உபயோகிக்கவும்" என்று சீட்டும் ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். முன்னால் கம்பவுண்டரும், முகத்தை மறைத்துப் பூச்சரம் தொங்கும் யூசுப்பும். பின்னால் காதர் பாயும் நானும். திருக்கழுக்குன்றத்துக்குச் சற்று முன்னால் ஒரு ஹெட் கான்ஸ்டபிள் கையைக் காட்டினார். மதுவிலக்குக் காலம். காருக்குள் தலையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாய்யா இது, சாராய நாத்தம்? மாப்பிள்ளை போட்டுகினு கீறாரா?"

யூசுப் டீ கூடக் குடிக்காத பிள்ளை. பூச்சரத்துக்குள்ளிருந்து விசும்பல் கேட்டது. காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார். கம்பவுண்டர் மட்டும் கம்பீரமாக இறங்கி, பானெட்டைத் திறந்து, டப்பாவில் விரலை விட்டு, கான்ஸ்டபிளின் மூக்கருகே நீட்டினார்.

"மோந்து பாருங்க. பாதி ஸ்பிரிட்டு, பாதி வௌக்கெண்ணெய். இத எவனாச்சும் குடிப்பானா? குடிச்சா ஒரு எடத்துல நிப்பானா?"

கான்ஸ்டபிள் மோந்து பார்த்தார். சின்ன வயதில் அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றிய விளக்கெண்ணெய் எல்லாம் அவர் முகத்தில் வந்து போனது. "மூடுய்யா! போய்த் தொலைங்க!" என்று இரண்டடி பின்வாங்கினார்.

கம்பவுண்டர் ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தார். பெடல் தரையோடு போய்ப் படுத்துக்கொண்டது. எழுந்திருக்கவே இல்லை. உப்பிய ரப்பர் கிழிந்து, அவர் கலக்கிய மருந்தெல்லாம் ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"கியர்லயே போட்டுத் தள்ளுங்க! புடிச்சிக்கும்!"

பாயும் நானும் தள்ளினோம். பாவம், கான்ஸ்டபிளும் தள்ளினார். கார் ஒரு குதி குதித்துக் கிளம்பியது. நாங்கள் ஓடிப்போய்த் தொற்றினோம். "இனிமே நிக்காது. நின்னா கெளம்பாது" என்று கம்பவுண்டர் அறிவித்தார்.

திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் யூசுப்பின் பெரிய மாமு சீர்த்தட்டோடு காத்துக்கொண்டிருந்தார். மூட்டை மாதிரி உடம்பு.

"மாமு, ஓடியாங்க! வண்டி நிக்காது!" என்று யூசுப் கத்தினான்.

"ஏன்டா, நான் இன்னா நடந்தா வரணும்?" என்று கோபித்துக்கொண்டே மாமு காரோடு ஓடினார். முதலில் தட்டு உள்ளே வந்தது. பிறகு தொப்பி. அப்புறம் மாமு, தவணை தவணையாக.

முதல் கியரிலேயே சதுரங்கப்பட்டினம் போய்ச் சேர்ந்தோம். பந்தல் தெரிந்தது. பெண் வீட்டார் பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்றார்கள். "சுவிட்ச்ச அணைங்க!" என்று எல்லோரும் அலறினோம். அவ்வளவு தூரம் நிற்கக்கூடாது என்று வந்த மனிதருக்கு, நிற்க வேண்டிய இடத்தில் கை ஓடவில்லை. பன்னீர் எங்கள் மேல் தெளிக்கப்பட்டது. கார் பந்தலைத் தாண்டிப் போனது. தெரு முடிந்து மணல் வந்தது. மணல் எங்களை நிறுத்தியபோது எதிரே கடல்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர்கள் சிரித்து முடித்துவிட்டு, யூசுப்பைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அந்தத் தெருவுக்கு அப்படி ஒரு மாப்பிள்ளை அதற்கு முன் வந்ததில்லை. நிக்காஹ் குறித்த நேரத்தில் நடந்தது.

கம்பவுண்டர் மட்டும் பந்தலுக்கு வரவில்லை. பிரியாணித் தட்டோடு போய்ப் பார்த்தேன். அலை சக்கரத்தைத் தொட்டுத் தொட்டுப் போக, ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"யூசுப்பு அழுதானா, கிளார்க்கு?"

"சிரிச்சிகினு கீறான், சார். பொண்ணும் சிரிக்குதாம்."

அதன் பிறகுதான் தட்டை வாங்கிக்கொண்டார்.

சாப்பாடு முடிந்ததும் மீனவர்கள் காரில் வலைக்கயிறு கட்டினார்கள். காதர் பாய், புது மாப்பிள்ளை, பெரிய மாமு, நான், எல்லோரும் இழுத்தோம். கையெல்லாம் கொப்புளம். ஒருவரும் கயிற்றை விடவில்லை. அந்தக் காருக்காக யார் இழுத்தார்கள்? உள்ளே கம்பவுண்டர் உட்கார்ந்திருந்தார்.