எனக்குச் சம்பந்தமில்லாத தாழி

ஒரே வீட்டில் பெண் எடுத்த இருவர் ஒரே பந்தியில் உட்காரும்போது, யார் இலையில் முதல் அப்பளம் விழுகிறது என்று ஓரக்கண்ணால் பார்க்காதவர் உலகத்தில் கிடையாது. "நான் பார்த்ததே இல்லை" என்று யாராவது சொன்னால், அவருக்கு எப்போதும் முதல் அப்பளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

நான் கிளியனூர் வீட்டில் மூத்த பெண்ணைக் கட்டியவன். முறைப்படி முதல் அப்பளம் எனக்கு. 1938 வரை அப்படித்தான் விழுந்தது. (வருஷம் விஷயத்தில் நான் கறார். எங்கள் வீட்டுப் பசு கன்று போட்ட வருஷத்தைக்கூட என்னிடம் கேட்கலாம்.) அந்த வருஷம் என் சகலை ராஜமாணிக்கம் ஒரு தாழியைக் கண்டெடுத்தார்.

கண்டெடுத்தார் என்று சொல்வது பெரிய மனசு. அவர் விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் குமாஸ்தா. தண்டவாளத்துக்கு மண் போட ஒரு மேட்டை வெட்டியபோது ஆட்களின் கடப்பாரை தாழியில் இடித்தது. அவர் அந்த நேரம் அங்கே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஆராய்ச்சி அத்தோடு சரி. ஆனால் பத்திரிகையில் அவர் பெயரோடு இரண்டு வரி வந்தது. மாமனார் அதைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு, முருகன் படத்துக்கு அடுத்த ஆணியில் மாட்டிவிட்டார். அந்தத் தீபாவளிக்கு முதல் அப்பளம் விழுப்புரத்து இலையில் விழுந்தது.

என் வயிறு எரிந்ததற்கு நியாயம் உண்டு. திண்டிவனம் கோர்ட்டில் நகல் எழுதும் வேலை போக மிச்ச நேரமெல்லாம் கெஜட்டும் கல்வெட்டு அறிக்கையும் படித்தவன் நான். இரும்பு புழக்கத்துக்கு வந்த காலத்தில் இந்தப் பக்கத்து மக்கள் செத்தவர்களின் எலும்பைப் பெரிய தாழியில் வைத்துப் புதைத்து, மேலே மண்ணைக் குவித்து, சுற்றிலும் வட்டமாகக் கல் நட்டார்கள் என்பதை மாமனாருக்குக் கல்யாணமான நாளிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தவனும் நான்தான். அவர் மல்லாட்டைக் கடலை உரித்தபடியே கேட்பார். இப்போது என்ன சொன்னார் தெரியுமா?

"நீங்களும் மேடு மேடுன்னு சொல்லிக்கினேதான் இருந்தீங்க மாப்ள. சின்ன மாப்ளயப் பாருங்க. வாயத் தொறக்கல, எடுத்துட்டாரு."

சகலை தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாம் அண்ணன் சொல்லிக் கேட்டதுதாங்க மாமா" என்றார். அந்த அடக்கம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு யுத்தம் வந்தது, போனது. சுதந்திரமும் வந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் குடையும் இரும்புக் கம்பியுமாக ஜில்லாவின் மேடுகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்று பழைய செங்கல் சூளை. ஒன்று மூன்று தலைமுறைக் குப்பை. இன்னொன்று கறையான் புற்று. (அதன் சொந்தக்காரர் வீட்டில்தான் இருந்தார். ஓடினேன்.)

கடைசியில் 1949-ல், பொங்கல் கழிந்த பிறகு, பெருமுக்கல் மலைக்குக் கொஞ்சம் தள்ளி, சப்பாத்திக்கள்ளிக்கு நடுவில் அந்த மேட்டைப் பார்த்தேன். தாழ்ந்த வட்டமான மண்மேடு. ஓரத்தில் பாதி புதைந்த கற்கள் வட்டமாக நின்றன. உச்சியில் கம்பியைச் செருகினால் ஒரு முழத்துக்குள் 'டொக்' என்றது. மண்ணைக் கையால் விலக்கினேன். ஒரு பலகைக்கல். அதன் விளிம்புக்குக் கீழே, அகன்ற தாழியின் வாய்!

இந்த இடத்தில் புத்தியுள்ள எவனும் கல்லை நகர்த்தி உள்ளே எட்டிப் பார்த்திருப்பான். நான் பார்க்கவில்லை. விழுப்புரத்துத் தாழியைத் திறந்து பார்த்துக் கலைத்துவிட்டார்கள் என்று பட்டணத்து மியூசியத்து அதிகாரி அப்போது வருத்தப்பட்டதாகக் கேள்வி. என்னுடையது கலையாத தாழியாக இருக்க வேண்டும். சகலையின் தாழியைவிட ஒரு படி மேலே! அதனால் மண்ணை மறுபடி மூடிவிட்டு, அதிகாரிக்கு எழுதிப்போட்டேன்.

ஊர் மணியக்காரருக்கும் முறைப்படி தகவல் சொன்னேன். அவர் முகம் கறுத்தது.

"அது வேணாங்க சார். பாண்டவர் மேடுங்க அது. கை வெச்சவன் ரத்தம் கக்கிச் செத்திருக்கான்."

"யார் செத்தது? எந்த வருஷம்?" என்று ஆவலோடு கேட்டேன்.

"வருஷமெல்லாம் ஆரு கண்டா? பேஜாரு புடிச்ச எடங்க. உட்டுடுங்க."

நான் பூரித்துப்போனேன். ஊர் மக்களின் பரம்பரைப் பயம்! அப்படியானால் இடம் பழசுதான். எவ்வளவுக்கெவ்வளவு அவர் தடுத்தாரோ அவ்வளவுக்கவ்வளவு எனக்கு உறுதி கூடியது.

அதிகாரி வருகிற நாள் முடிவானதும் மாமனாரை வரவழைத்தேன். சகலையையும் கட்டாயம் வரச் சொன்னேன். அவர் பார்க்காவிட்டால் இரண்டாயிரம் வருஷத் தாழி எனக்கு எதற்கு? என் மனைவி கமலா அடுக்குப் பாத்திரத்தில் புளிச்சோறு கட்டிக்கொண்டு ஜட்காவில் ஏறினாள். "என்னாங்க, ஒரு தடவ தொறந்து பாத்துட்டு ஊரக் கூட்டியிருக்கலாம் இல்ல?" என்றாள். ஆராய்ச்சி முறை பெண்களுக்குப் புரியாது என்றேன். (இந்த வாக்கியத்தை அவளும் மறக்கவில்லை.)

மேட்டில் நல்ல கூட்டம். அதிகாரி கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். என்னைப் பார்த்து, "திறக்கவே இல்லையா? ரொம்ப நல்லது" என்றார். நான் சகலையைப் பார்த்தேன். அவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்தியிருந்தார். அந்த ஒரு கணம் போதும், அப்பளமே வேண்டாம் என்று இருந்தது.

பிறகு பிரசங்கம் செய்தேன். "இதை இங்கே புதைத்தவர்கள் சாமானியப்பட்டவர்கள் அல்ல. உள்ளே இருப்பது அவர்களுக்கு மிகவும் அருமையானது. யாரும் தொடக் கூடாது என்றுதான் இவ்வளவு பத்திரமாக மூடியிருக்கிறார்கள். அவர்களுடைய வாரிசுகள் இப்போது நம் நடுவிலேயேகூட நின்றுகொண்டிருக்கலாம்!"

மணியக்காரர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உருக்கம் என்று நினைத்தேன்.

இரண்டு ஆட்கள் கடப்பாரையால் நெம்பிப் பலகைக்கல்லை நகர்த்தினார்கள். நான்தான் முதலில் குனிந்தேன். குப்பென்று ஒரு வாடை மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. உள்ளே எலும்பு இல்லை. பழுப்பு நிறத்தில் ஏதோ நுரைத்துக்கொண்டிருந்தது. நான் அசரவில்லை. "மழைநீர் இறங்கியிருக்கலாம். அல்லது சடங்குக்கு வைத்த ஏதோ திரவியம்" என்று அறிவித்தேன்.

மாமனார் முன்னே வந்தார். விரலை விட்டார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"வேலம்பட்ட. வெல்லமும் சரியாத்தான் போட்டுக்கிறான். இன்னும் ரெண்டு நாளு ஊறணும் மாப்ள."

மதுவிலக்கு எங்கள் ஜில்லாவுக்கு வந்திருந்த காலம் அது. மாமனாரோ, அதற்கும் பல வருஷம் முன்பே பெருமுக்கல் மலைக்கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்து குடியை விட்டவர். அப்படித்தான் வீட்டில் சொல்லியிருந்தார்.

"அப்பா!" என்றாள் கமலா. "ரெண்டு நாளுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வாசனதான் கண்ணு… காத்துல வருது இல்ல…" என்று மாமனார் விரலை வேட்டியில் துடைத்தார்.

அதற்குள் மணியக்காரருக்கு உத்தியோக மிடுக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது. "கள்ளச் சாராய ஊறல்! சர்க்காரு உத்தரவு, ஜல்தி ஒடைங்கடா!" என்று கத்தியவர், ஆளிடமிருந்து கடப்பாரையைப் பிடுங்கித் தானே போட்டார் ஒரு போடு. ஊறல் சப்பாத்திக்கள்ளி வேரைத் தேடிக்கொண்டு ஓடியது. அப்புறம் அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் சார், எம்மாந் தடவ சொன்னேன் வேணாம்னு? ஒங்க பானதான இது? நீங்கதான ‘என் தாழி, என் தாழி’ன்னு சொல்லிக்கினு திரிஞ்சீங்க?"

நான் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன். கண்முன் கோர்ட் தெரிந்தது. அதுவும் நகல் எழுதும் மேசையிலிருந்து அல்ல, கூண்டிலிருந்து.

"ஐயையோ! இந்தப் பானைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை!" என்றேன். சத்தம் போதவில்லை என்று தோன்றியதால் கூட்டத்தின் நான்கு திசைக்கும் திரும்பித் திரும்பிச் சொன்னேன். "நான் இதைப் பார்த்ததே இல்லை! கண்டுபிடித்தது நான் இல்லை! எல்லாரும் சாட்சி!"

அப்போதுதான் சகலை வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். சில்லு ஒன்றை எடுத்து ஈரத்தைத் துடைத்துப் பார்த்தார். விரற்கடைக்கு மேல் தடிமன். கழுத்தைச் சுற்றிக் கயிறு முறுக்கியதுபோல் விரலால் அழுத்திய வேலைப்பாடு. கசியாமல் இருக்க உட்புறம் யாரோ புதிதாகக் கீல் பூசியிருந்தார்கள். ஆனால் பானை புதிது இல்லை.

அதிகாரி அதை வாங்கிப் பார்த்தார். "இது அசல் ஈமத்தாழி! மேட்டில் கிடைத்ததை எடுத்து, எலும்பைக் கொட்டிவிட்டு ஊறல் போட்டிருக்கிறார்கள். அடடா, கழுத்துப் பகுதி முழுசாக இருக்கிறதே!" என்றவர் பேனாவைத் திறந்து நிமிர்ந்தார். "கண்டெடுத்தவர் பெயர் வேண்டும். யார்?"

பதினொரு வருஷமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். வாயைத் திறந்தேன். மணியக்காரரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.

சகலைதான் பேசினார். "அண்ணன்தாங்க மொதல்ல…" என்று இழுத்தார். "ஆனா, சம்பந்தமே இல்லன்னு இப்பதான் சொன்னாருங்க."

"அப்ப சின்ன மாப்ள பேரயே எழுதிக்குங்க" என்றார் மாமனார். பேச்சு தன் விரலைவிட்டு நகர்ந்தால் போதும் அவருக்கு.

அவ்வளவுதான். கிளியனூர் வீட்டில் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் மாட்ட முருகன் படம் ஒரு ஆணி தள்ளிப்போயிற்று. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் பால் பொங்கி வழிந்தாலும், கண்ணாடித் தம்ளர் உடைந்தாலும், பரீட்சையில் யாராவது கோட்டை விட்டாலும் ஒரே பதில்தான்: "இந்தப் பானைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை!" அதையும் நான்கு திசைக்கும் திரும்பிச் சொன்னால்தான் செல்லும். கமலா என் குரலிலேயே சொல்வாள். புது மருமகள் வந்த வாரமே கற்றுக்கொண்டுவிட்டாள்.

பட்டணம் போகும்போதெல்லாம் மியூசியத்துக்குப் போய் அந்தக் கழுத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஓர் அட்டை. அதில் ராஜமாணிக்கத்தின் பெயர் பிழையில்லாமல் இருக்கிறது. வருஷத்தை மட்டும் 1948 என்று தவறாகப் போட்டிருக்கிறார்கள். தேதியில் கறாரான எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கை துறுதுறுக்கும். ஒரு கார்டு எழுதிப்போட்டால் திருத்திவிடுவார்கள். ஆனால், "சரியான வருஷம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார்களே. நான் என்ன சொல்வது? எனக்கும் அந்தப் பானைக்கும்தான் சம்பந்தமே இல்லையே.