துடுப்பு இல்லாவிட்டால் ஆள் உள்ளே

அன்பு நிறைந்த வெர்னா அக்காவுக்கு,

உன் தங்கை டெலியா எழுதுவது. நான் நலம், தோள்பட்டை இரண்டும் நலமில்லை. நீயும் அத்தானும் உன் முழங்காலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

"அந்த ஆளோட ஒரே கனூப் படகுல நாலு நாள் போயிட்டு வா, அப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசு" என்று என்னை கிரீன் ஆற்றுக்கு அனுப்பிவைத்தாயே, கரைக்கு வந்ததும் பதில் வேண்டும் என்றாயே, இதோ பதில்: கல்யாண மண்டபம் வேண்டாமென்று சொல்லிவிடு. எங்களை ஏற்றிப்போக வரும் லாரிக்காகக் காத்துக்கொண்டு மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

இருவர் ஓட்டும் கனூவுக்கு இந்த ஆற்றில் விவாகரத்துப் படகு என்று பெயர். எங்கள் வழிகாட்டி டோட்டி அதைச் சொல்லித்தான் ஏற்றிவிட்டாள். "இன்னும் கல்யாணமே ஆகலையா? நல்லது, உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்" என்று சிரித்தாள். ஆர்லோ பின்னால் உட்கார்ந்து திசை பார்ப்பவர், நான் முன்னால் வலிப்பவள். "வலது, வலதும்மா!" என்பார். "யாரு வலது?" என்பேன். அதற்குள் படகு ஒரு சுற்றுச் சுற்றி வந்த வழியையே பார்த்துக்கொண்டு நிற்கும். இரு கரையிலும் நிற்கும் செம்பாறைச் சுவர்களை மற்றப் படகுகளில் வந்தவர்கள் ஒரு தடவை பார்த்தார்கள், நாங்கள் நாலு பக்கமும் பார்த்தோம். மணல் திட்டில் ஏறினோம், இறங்கித் தள்ளினோம், மறுபடி ஏறினோம். இரண்டாம் நாள் மதியம் எதிர்க்காற்று அடித்ததில் ஆர்லோவின் தொப்பி பறந்தது, தொப்பியைப் பிடிக்கத் துடுப்பை விட்டார், இரண்டுமே போயின. அன்றைக்கு மிச்சப் பொழுது முழுக்க நான் ஒருத்தியே வலிக்க, அவர் பின்னால் இருந்து "பிரமாதம்மா, பிரமாதம்!" என்று உற்சாகப்படுத்தினார். எனக்கு வந்த கோபத்தை நீ கேட்கவே வேண்டாம்.

அடுத்த நாள் காலையில் நடந்ததுதான் உச்சம். ஆறு ஓடும் இந்தப் பாலைவனத்தில் எதையும் விட்டுவிட்டு வரக்கூடாது என்பதால் கழிப்பறையே ஒரு இரும்புப் பெட்டிதான், கூடவே கொண்டுபோகிறோம். டோட்டி அதைப் புதருக்குப் பின்னால் வைத்து, பாதை முனையில் ஒரு துடுப்பை நட்டுவிடுவாள். போகிறவர் துடுப்பைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். துடுப்பு நின்றால் காலி, இல்லாவிட்டால் ஆள் உள்ளே.

விடிந்ததும் நான் தனியாகப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குள் நடக்கப் போனேன். இந்த மனிதரோடு மிச்ச வாழ்க்கையையும் ஒரே படகில் ஓட்ட முடியுமா என்று பாறையில் உட்கார்ந்து யோசித்தேன், வெயில் ஏறும்வரை யோசித்தேன். திரும்பி வந்தால், முகாமே பாதை முனையில் வரிசையாக நிற்கிறது. காப்பிக் கோப்பையோடு, கால்களைப் பின்னிக்கொண்டு. துடுப்பைக் காணோம், என்னையும் காணோம், ஆகவே உள்ளே இருப்பது நான்தானாம்! குரல் கொடுக்க எல்லோருக்கும் கூச்சம். ஓய்வுபெற்ற பல் டாக்டர் வெண்டல் மட்டும் "யாராவது ஒரு சத்தம் குடுங்கப்பா, வயசானவன்ப்பா நான்" என்று கெஞ்ச, ஆர்லோ இரு கைகளையும் விரித்துப் பாதையை மறித்தபடி நிற்கிறார்: "யாரும் அவள அவசரப்படுத்தக் கூடாது. அவளுக்கு எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்கட்டும்!"

நான் பின்னாலிருந்து, "ஆர்லோ, நான் இங்க இருக்கேன்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா! ஒரு நல்ல சேதி. நம்ம துடுப்பு கெடச்சிருச்சும்மா! யாரோ புண்ணியவான் கண்டெடுத்து மணல்ல நட்டு வச்சிருந்தாங்க, நானே படகுல கட்டிட்டேன்!"

வெண்டல்தான் முதலில் புதருக்குப் பின்னால் ஓடினார்.

எனக்கு இந்த வயதில் இது தேவையா அக்கா? நீயே சொல். கேக்குக்காரரிடமும் சொல்லிவிடு. அத்தானுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், உன் முழங்காலுக்குக் கடவுள் துணை.

உன் தங்கை,
டெலியா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது டோட்டி வந்து உட்கார்ந்தாள். "ஒண்ணு தெரியுமாக்கா? அன்னிக்கு வரிசையில முதல் ஆளே உங்க ஆளுதான். மத்த யாரையும்விட அவருக்குத்தான் அவசரம். நெத்தியெல்லாம் வேர்த்துப்போச்சு. ஆனா உங்களக் கூப்பிட விடவே இல்ல" என்றாள். நான் யோசித்து முடிக்கும்வரை அந்த மனிதர் காத்திருக்கிறார் அக்கா, காலியான ஒரு பெட்டிக்குக் காவல் நின்று.

மண்டபத்தை விட்டுவிடாதே. வெண்டலையும் அழைத்திருக்கிறேன், அவருக்குக் கழிப்பறைக்குப் பக்கத்து மேஜையாகப் பார்த்துப் போடு.